குழலின் அடியில் தெரிந்த வட்டம்

ஆய்வு மேசைக்குப் புதிதாக வந்து உட்கார்ந்ததும் நீங்கள் முதலில் கையில் எடுக்கப்போவது, குழலுக்குள் விட்டுப் பார்க்கிற ஸ்கோப்பைத்தான். அது எனக்குத் தெரியும். விலை மலிவு, கூரியரில் வந்துவிடுகிறது, போனில் செருகினால் படம் வருகிறது. கொண்டைக்கடலை அளவு கேமரா, அதைச் சுற்றி வளையமாகப் பொடிப்பொடி விளக்குகள். யாருக்குத்தான் ஆசை வராது? அதை இந்தத் துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுவந்ததே நான்தான். அதனால் அதைத் திட்ட எனக்கு உரிமை இல்லை, திட்டப்போவதும் இல்லை. அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்துக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன். எண்ணெய், துணி, பிரஷ் சமாச்சாரங்களை மேசையில் இருப்பவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். பெங்களூரில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, பொம்மசந்திராவில் ஹைட்ராலிக் சிலிண்டர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். குழாய்களின் உட்புறத்தைப் பார்ப்பதுதான் என் வேலை. அந்தக் குழாய்களுக்கு இரண்டு பக்கமும் வாய் திறந்திருக்கும். ஒரு முனையில் வெளிச்சம், மறுமுனையில் கண். உள்ளே ஒரு தூசு இருந்தாலும் தப்பாது. ஒரு குழாயைப் பார்த்தால் போதும், அதற்குள் இருப்பது தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை இத்தனை வருடங்களில் எனக்குள் ஊறிப்போயிருந்தது. ஓய்வுக்குப் பிறகு, ஜோகுபாளையத்தில் எனக்கு அடுத்த தெருவில் இருந்த நம் முதலாளி, "வீட்டுல சும்மா இருந்து வீட்டம்மாகிட்ட திட்டு வாங்குறதுக்கு நம்ம கடைக்கு வாங்களேன் இஞ்சினியர்" என்று கூப்பிட்டார். வந்தேன்.

இந்தக் கடையில் தோட்டாத் துப்பாக்கிகளைப் பார்ப்பது எனக்குச் சுலபமாகவே இருந்தது. பின்புறம் திறந்தால் குழல் என் பழைய சிலிண்டர் மாதிரிதான். சிரமம் கொடுத்தது எம்.எல். என்று நாம் சொல்கிற பழைய வகை. வெடிமருந்தைக் குழலின் வாய்வழியாகக் கொட்டி, நாரோ துணியோ வைத்து ராடு என்ற நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற துப்பாக்கி. அதன் பின்பக்கம் அடைப்புத் திருகு போட்டு மூடியிருக்கும். அந்த அடைப்புக்குப் பக்கவாட்டில் நிப்பிள் என்ற சின்ன முளை. அதன்மேல் கேப் என்ற பொட்டு வெடியை வைத்து அடித்தால், ஒரு நுண்துளை வழியாக நெருப்பு உள்ளே போய் மருந்தைப் பிடிக்கும். போவதற்கும் வருவதற்கும் குழலுக்கு ஒரே வாய்.

முதல் வாரமே போர் லைட் என்ற குழல் விளக்கை நூலில் கட்டி அப்படி ஒரு குழலுக்குள் இறக்கினேன். முடிச்சு அவிழ்ந்தது. விளக்கு உள்ளே போய்ப் பக்கவாட்டில் சிக்கிக்கொண்டது. கவிழ்த்தேன், தட்டினேன், குலுக்கினேன். உள்ளேயிருந்து அது என்னைப் பார்த்து எரிந்துகொண்டே இருந்தது. முதலாளி ஒரு டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இன்னா சார், தீபாராதனையா? நடக்கட்டும் நடக்கட்டும். பேட்டரி தீர்ந்தா தானா அணைஞ்சிடும்."

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எம்.எல். எதைத் தொட்டாலும் விளக்குக்கு முன்னால் ராடு. குழலுக்குள் ராடை அடிவரை விட்டு, வாயருகே கட்டைவிரலால் அளவைப் பிடித்து, வெளியே எடுத்து, அதே அளவைக் குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பார்ப்பார். ராடின் நுனி நிப்பிள் இருக்கும் இடம்வரை எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. போனில் யாரையாவது திட்டிக்கொண்டிருக்கும்போதும் கை இதைச் செய்யும். இப்போதுதான் அவரே கீழே வைத்த துப்பாக்கி என்றாலும், மறுபடி எடுக்கும்போது மறுபடி ராடு விடுவார். ஆயுத பூஜைக்குக் கருவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது போல இதுவும் ஒரு சடங்கு என்று நினைத்தேன். மரியாதையோடு பார்த்தேன், ஆனால் கைக்கொள்ளவில்லை.

ஸ்கோப் வந்த புதிதில் அதனிடம் ஏமாந்தேன். சந்தாபுராவிலிருந்து ஒரு விவசாயி, பயிர்க்காவல் லைசென்ஸில் வைத்திருந்த எம்.எல்.லைக் கொண்டுவந்தார். திரையில் பார்த்தால் உள்ளே முழுக்கப் பள்ளமும் மேடும். இது தேறாது என்று சொல்லிவிட்டேன். அவர் திரையைப் பார்த்தார்.

"அந்தக் கேமராவ அப்படியே என் மூஞ்சிக்கு முன்னாடி காட்டுங்க சார்."

காட்டினேன்.

"பாத்தீங்களா? என்னையும்தான் தேறாதுன்னு சொல்லுவீங்க. எம்பொண்டாட்டி இருவது வருசமா ஓட்டிட்டுத்தான் இருக்கா."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஒரு துணியைச் சுற்றிக் குழலைத் துடைத்தார். நான் பள்ளம் என்று நினைத்தது காய்ந்த மசகு. எனக்கு வெட்கமாகிவிட்டது. அதன் பிறகு ஒழுங்காக உட்கார்ந்து ஸ்கோப்பைப் படித்தேன். அதன் விளக்கு நேருக்கு நேர் அடிப்பதால் உண்மையான பள்ளம் தட்டையாகத் தெரியும், ஒட்டியிருக்கும் பிசிறு மலையாகத் தெரியும். போர் லைட்டைச் சாய்த்துப் பக்கவாட்டில் வெளிச்சம் விட்டால்தான் நிழல் விழுந்து ஆழம் புரியும். எண்ணெய்ப்பசை இருந்தால் எல்லாமே பளபளக்கும், எதையும் நம்பக் கூடாது. இதையெல்லாம் கற்றுத் தேர்ந்தேன். ஒரு கட்டத்தில் அந்த மலிவுப் படத்தை என்னைப் போலப் படிக்க இந்த ஊரில் ஆளில்லை என்றே நினைத்தேன். அது வீண் பெருமை இல்லை. நான் உண்மையிலேயே தேர்ந்திருந்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் தவறு தெரியாமல் செய்த தவறு அல்ல.

தேச்சம்மா வந்தது ஒரு மதியம். குடகு நாட்டுக்காரர், ஆனால் வளர்ந்ததும் படித்ததும் இங்கே, அல்சூர்ப் பக்கம். தமிழ்ப் பிள்ளைகளோடு ஓடியாடியவர் என்பதால் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். தோளில் கைக்குழந்தை. கணவர் கப்பல் வேலையில் கடலில் இருந்தார். கூட வந்தவர் அண்ணன் சோமையா. படுக்கை விரிப்பில் சுற்றிய ஒரு நீளமான பொருளைக் குழந்தையைவிடப் பத்திரமாக அவர் பிடித்துக்கொண்டிருந்தார். கவுண்டரில் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் தன் துப்பாக்கியை வாங்கிப்போகக் காத்திருந்தார். முதலாளி அவர்களுடைய காகிதங்களைச் சரிபார்த்துத் தலையாட்டிவிட்டு, ஒரு போன் வந்ததால் பின்னறைக்குப் போய்விட்டார்.

"இது எங்க தாத்தாவோடது சார்" என்றார் தேச்சம்மா. "வருசா வருசம் பூவும் சந்தனமும் வெச்சு, எண்ணெய் ஊத்தி, கும்பிட்டு மாட்டிடுவோம். எனக்குத் தெரிஞ்சு யாரும் சுட்டதில்ல. இப்ப சுடணும்."

அவர்கள் வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி. இன்று பெண் குழந்தைக்கும் பல வீடுகளில் வெடிக்கிறார்கள். தேச்சம்மாவின் வீட்டில் பெண்ணுக்கு இதுவரை வெடித்ததில்லை. மகளை முதன்முதலாகப் பிறந்த வீட்டுக்கு எடுத்துப்போகும்போது வாசலில் அண்ணன் கையால் அந்த வெடி வைத்தாக வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"வேணாம்னு வாய்விட்டுச் சொல்ல மாட்டாரு சார். 'உங்க காலம், பண்ணுங்க'ம்பாரு. அதான் பயம். அன்னிக்கு இது புஸ்ஸுன்னு போச்சுன்னா போதும், பொட்டப் புள்ளைக்கு வெச்சா இப்படித்தான்னு இவ கல்யாணம் வரைக்கும் சொல்லிட்டே இருப்பாரு. நல்லா பாத்துக் குடுங்க. இவ பேரு இதுலதான் இருக்கு."

சோமையா கன்னடத்தில், "அவளுக்கு வெடிக்கணும், எனக்குக் கை முழுசா இருக்கணும், அவ்வளவுதான் சார்" என்று சிரித்தார். அவரோடும் அவர் பெரியப்பாவோடும் நான் பேசியது எல்லாம் கன்னடத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நான் குழலுக்குள் ஸ்கோப்பை விட்டு, போனை அவர்கள் பக்கம் திருப்பினேன். "மேடம், நான் சொல்றதவிட நீங்களே பாருங்க."

இதைத்தான் செய்திருக்கக் கூடாது. பார்க்க ஆள் கூடிய பிறகு ஆய்வு என்பது வேடிக்கை ஆகிவிடுகிறது. ராணுவ அதிகாரியும் எழுந்து வந்து மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டார். ராடு மேசையின் ஓரத்தில் சாய்ந்திருந்தது. எல்லோரும் வாய் பிளந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நடுவில் நிறுத்தி, ஸ்கோப்பை உருவி, ராடை விட்டுக் கட்டைவிரலால் அளந்துகொண்டிருப்பது எனக்குப் பட்டிக்காட்டுத்தனமாகத் தோன்றியிருக்கும். தோன்றியிருக்கும் என்றுகூடச் சொல்லக் கூடாது. அந்த யோசனையே வரவில்லை.

குழலின் சுவர் நன்றாக இருந்தது. அங்கங்கே லேசான துரு, ஆழமில்லை. போர் லைட்டைச் சாய்த்து அதையும் காட்டினேன். கேமரா கீழே போகப் போக, அடியில் ஒரு வட்டம் மின்னியது. மஞ்சள் கலந்த பழுப்பு, வழுவழுப்பு.

"அதோ, அடி. அதுவரைக்கும் சுத்தம்."

"ஆஸ்பத்திரில ஸ்கேன் பாத்த மாதிரியே இருக்கு" என்றார் சோமையா.

"அங்க டாக்டர் ஒண்ணுமே சொல்ல மாட்டேன்னுட்டாரு. இவரு பரவால்ல, எல்லாத்தையும் சொல்றாரே" என்றார் தேச்சம்மா. எல்லோரும் சிரித்தோம். அந்த வட்டத்தைப் படம் பிடித்து அவருக்கும் அனுப்பினேன். கடைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் மதியம் வெடி, இன்றிரவே கிளம்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில் வேறொரு எம்.எல். மேசைக்கு வந்தது. ஸ்கோப்பை விட்டேன். அடியில் கறுத்த இரும்பு வட்டம். அதன் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி. நிப்பிளிலிருந்து நெருப்பு வருகிற துளை. எத்தனையோ முறை பார்த்த புள்ளிதான். ஆனால் அன்று அதைப் பார்த்ததும் ஸ்கோப்பை உருவிப் போட்டேன். போனில் நேற்றைய படத்தை எடுத்தேன். அந்த வட்டத்தில் புள்ளி இல்லை. இரண்டு விரலால் பெரிதாக்கினேன். வழுவழுப்புக்குள் முடி முடியாகக் கோடுகள். தேங்காய் நார். வருடக்கணக்காக ஊற்றிய எண்ணெய் ஊறிக் கெட்டியாகி இரும்பு போல் மின்னிக்கொண்டிருந்த நார் அடைப்பு. நான் அடி என்று காட்டியது அடியே அல்ல. அதற்குக் கீழே மருந்து இருந்தது. கறுப்பு மருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை காலமானாலும் சாகாது என்பது உங்களுக்கும் தெரியும். எண்ணெய் அந்த நாரோடு நின்றிருக்கலாம், உள்ளே இறங்கியும் இருக்கலாம். எதையும் நம்பிவிட முடியாது. அதன் தலையில்தான் அவர்கள் இன்னொரு கெட்டு மருந்தைக் கெட்டிக்கப் போகிறார்கள்.

உடனே போன் செய்தேன். அதில் குறை இல்லை. சோமையாதான் எடுத்தார். பின்னால் பாத்திரச் சத்தம், சிரிப்பு, யாரோ யாரையோ அதட்டும் குரல். இங்கே எனக்கு இந்தப் பக்கம் முதலாளி, அந்தப் பக்கம் இரண்டு வாடிக்கையாளர்கள். நேற்றைய ராணுவ அதிகாரி ஒரு நண்பரைக் கூட்டிவந்து, "இவர்தான் நான் சொன்ன இஞ்சினியர்" என்று என்னைக் காட்டிக்கொண்டிருந்தார்.

நான் சொல்ல வேண்டியது இது: உள்ளே பழைய மருந்து இருக்கிறது, நான் பார்க்கத் தவறிவிட்டேன், துப்பாக்கியைத் தொடாதீர்கள். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

நான் சொன்னது இது: "சோமையா, அந்தச் சீட்டுல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு. ரூல்ஸ்படி அது இல்லாம சுடக் கூடாது. நான் மறுபடி பாத்துத் தர்ற வரைக்கும் வேண்டாமே."

"கையெழுத்தா?" அவர் சிரித்தார். "நேத்துதான சார் நீங்களே அடி வரைக்கும் காட்டினீங்க? சீட்ட வாட்ஸப்ல அனுப்புங்க. இங்க எல்லாரும் வந்துட்டாங்க, பெரியப்பா வேற வாட்ச்சப் பாத்துட்டே இருக்காரு."

"இல்ல, கொஞ்சம் பொறுத்து..."

"சரி சரி சார், ஆகட்டும்."

வைத்துவிட்டார். "யாரு?" என்று முதலாளி கேட்டார். "நேத்து வந்தவங்க. சும்மா, ஒரு கையெழுத்து" என்றேன். கூட்டம் போனதும் மறுபடி அழைத்தேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. பிறகு மணியே அடிக்கவில்லை. முதலாளியிடம் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அந்த ஊர்ப் போலீசுக்குச் சொல்லி ஆளனுப்ப வைத்திருப்பார். நான் வேண்டாமென்று சொல்லிவிட்டேன், அவரும் ஆகட்டும் என்றுவிட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மேசையிலிருந்த துப்பாக்கியைத் துடைத்தேன்.

தவறு செய்யாத ஆய்வாளன் இல்லை. நீங்களும் செய்வீர்கள். தவறை எப்படிக் கூப்பிட்டுச் சொல்கிறோம் என்பதுதான் இந்தத் தொழிலில் பாதி வேலை. எச்சரிக்கையைப் பூசி மெழுகிக் கொடுத்தால் கேட்பவர் அதற்குப் பூசி மெழுகிய மதிப்பைத்தான் கொடுப்பார். சோமையா புத்தியில்லாமல் நடக்கவில்லை. கையெழுத்து இல்லாத சீட்டுக்காக எந்த மனிதனும் வீடு நிறைந்த உறவினர்களைக் கலைத்து அனுப்ப மாட்டான். உயிர் போகிற விஷயத்தை நான் ஆபீஸ் விஷயமாக்கிக் கொடுத்தேன். அவர் அதை ஆபீஸ் விஷயமாக எடுத்துக்கொண்டார்.

மாலையில் செய்தி வந்தது: வெடித்தபோது நிப்பிள் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. சோமையாவின் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு காதோரமாகப் போயிருக்கிறது. கண் தப்பியது. வலது காது போய்விட்டது. இடது காதிலும் விடாமல் ஒரு விசில் சத்தம்.

மறுநாள் தேச்சம்மா கூப்பிட்டார். திட்டுவதற்கு என்று நினைத்து எடுத்தேன்.

"சார், உங்ககிட்ட ஸாரி சொல்லணும்னுதான். நீங்க வேணாம்னு போன் பண்ணீங்களாமே. அண்ணன் இப்பதான் சொல்லுது. நாங்கதான் கேக்கல. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல, போலீஸ்லயும் அப்படியே சொல்லிட்டோம்."

அவரே தொடர்ந்தார்.

"அண்ணன் மருந்து ஜாஸ்தி போட்டுடுச்சுன்னு சிலர் சொல்றாங்க. பெரியப்பா வேற மாதிரி சொல்றாரு." குரலைத் தாழ்த்தினார். "நான் பயந்த மாதிரியே சொல்றாரு சார். வீட்டுல எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. நேத்து என் அம்மாகூட இவளத் தூக்கல."

என் பொய் எனக்கு எவ்வளவு நல்ல வேலை செய்திருந்தது பாருங்கள். வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரித்த பொறுப்பான இஞ்சினியர் ஆகிவிட்டேன் நான். பழி, பேச்சு வராத ஒரு குழந்தையிடம் போய்ச் சேர்ந்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அது அங்கேயே இருந்துவிடும்.

முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தையும் காட்டினேன். எதற்கெடுத்தாலும் கேலி பேசும் மனிதர், படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ராடு விடலியா?"

"இல்ல."

"இன்னா சார் நீங்க." அவ்வளவுதான் திட்டினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வக்கீலக் கேட்டா வாயத் தொறக்காதீங்கன்னுவாரு. அவர் சொல்றதுல தப்பும் இல்ல. லைசென்ஸ் மேல கைய வெப்பானுங்க."

"தெரியும்."

"ஒரு கைப்புள்ள மேல பழியப் போட்டுட்டு நான் தினம் காலைல வந்து ஷட்டரத் தூக்கணுமா? போங்க. போலீசுக்கு நானே போய்ச் சொல்றேன். ஆனா ஒண்ணு, உங்க தப்புன்னு மட்டும் சொல்லாதீங்க. கடை தப்புன்னு சொல்லுங்க. போர்டுல இருக்கிறது என் பேருதானே."

அவர் சொன்னபடியே செய்தார். கடை சில காலம் மூடிக்கிடந்தது. அதைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் அவர் பேசியதில்லை. இப்போது நம் மேசையில் இருக்கும் ஏற்பாடு, ராடு அளவை இருவர் பார்த்துச் சத்தமாகச் சொன்ன பிறகுதான் ஸ்கோப்பைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும் என்பது, அவர் கடையை மறுபடி திறந்த அன்று போட்டது. வாடிக்கையாளர் பக்கம் திரையைத் திருப்பக் கூடாது என்பது நான் போட்டது. இரண்டையும் யாருக்காகவும் தளர்த்தாதீர்கள். அவசரப்படுத்துகிறவர் கிளம்பிப் போனாலும் பரவாயில்லை, போகட்டும்.

சோமையாவைச் சிகிச்சைக்குப் பெங்களூர் கொண்டுவந்து, தேச்சம்மாவின் வீட்டில் வைத்திருந்தார்கள். நான் போனபோது கூடம் நிறைய உறவினர்கள். பெரியப்பா சோபாவின் நடுவில். நல்ல உயரம், வெள்ளை மீசை, மடிப்புக் கலையாத சட்டை. சோமையா ஜன்னலோரம் கன்னத்தில் கட்டோடு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தேச்சம்மா காபி கொண்டுவந்து, "பாருங்க பெரியப்பா, இவர்தான் போன் பண்ணி வேணாம்னு சொன்ன சார்" என்று அறிமுகப்படுத்தினார்.

காபியைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினேன். என் கன்னடம் கடை வியாபாரத்துக்குப் போதும், இதற்குப் போதவில்லை. திக்கித் திக்கிச் சொன்னேன். நாரில் எண்ணெய் ஏறியிருந்தது, ஸ்கோப்பின் விளக்கு நேராக அடிக்கும், அப்படி அடித்தால் நாரும் இரும்பு போலத் தெரியும், கடையில் ஆட்கள் இருந்தார்கள் என்றெல்லாம் சொல்லி, அதற்குப் பிறகு, ராடு விட்டுப் பார்க்க வேண்டியது கடையின் கடமை, விட்டுப் பார்க்க வேண்டியவன் நான், பார்க்கவில்லை என்றேன். போனில் சொன்ன காரணம் பொய் என்றும் சொன்னேன். குழந்தைக்கு வைத்த வெடியால் எதுவும் வரவில்லை, ஏற்கனவே உள்ளே ஒரு கெட்டு மருந்து இருந்தது என்றேன்.

தேச்சம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன்.

பெரியப்பாவுக்குக் கோபம் வந்தது. "உள்ளே எப்படி இருக்கும்? நாங்கள் யாரும் கெட்டிக்கவில்லை. சோமையா பிறந்தபோது வெடித்ததுதான் கடைசி. என் அப்பாதான் சுட்டார். அதற்குப் பிறகு..."

அங்கே நின்றுவிட்டார். கை மீசைக்குப் போய், பாதியில் இறங்கியது.

"அதுக்கப்புறம் என்ன பெரியப்பா?" என்றார் தேச்சம்மா.

அவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். தேச்சம்மா பிறந்த அன்று தாத்தா துப்பாக்கியைக் கெட்டித்துக்கொண்டு வாசலில் தயாராக நின்றிருக்கிறார். உள்ளேயிருந்து பெண் என்று சொல்லியனுப்பினார்கள். அவர் கேப்பை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை ஆணியில் மாட்டிவிட்டு, மாடுகளைப் பார்க்கப் போய்விட்டார். "நானும் பக்கத்தில்தான் நின்றேன். அதை எடுத்துக் காலி செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை" என்றார்.

பெரியப்பா குழந்தையை வாங்கக் கை நீட்டினார். தேச்சம்மா உடனே கொடுக்கவில்லை. அந்தக் கைகள் நீட்டியபடியே இருக்க, குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டார், மேல்துண்டைச் சரிசெய்தார், அதன் முகத்தைத் துடைத்தார். பிறகுதான் கொடுத்தார். தேச்சம்மாவின் அம்மா எழுந்து போய்ப் பெரியப்பாவின் பக்கத்தில் நின்று, குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் ஜன்னலோரமிருந்து குரல் வந்தது. "எல்லாரும் என்ன பேசிக்கிறீங்க? யாராவது எனக்குச் சொல்லுங்களேன். சார், நீங்க அந்தப் பக்கம் நின்னா எனக்கு எப்படிக் கேக்கும்? இப்படி வாங்க."

நான் அவருடைய செத்த காதின் பக்கம் நின்று அத்தனையும் சொல்லியிருக்கிறேன்.

சுற்றிப் போய் அவர் இடது பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். எண்ணெய், நார், விளக்கு. அவர் முகத்தைச் சுளித்துக் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "விசில் அடிக்குது சார். சத்தமா சொல்லுங்க. சுருக்கமா."

சொன்னேன். அடுத்த வீட்டுக் கதவு திறக்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

"உள்ளே மருந்து இருந்தது. நான் பார்க்கவில்லை. போனில் உங்களிடம் பொய் சொன்னேன்."

அவர் கையைக் காதிலிருந்து எடுத்தார். கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஒரு கணக்கை மனத்துக்குள் சரிபார்ப்பவர் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா சார்?" என்றார். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. அன்னிக்கு எனக்கு ரெண்டு காதும் இருந்துச்சு."